காணாக் கோணம்

மழைக்காலத்தில் ஆறு இரு கரையும் தொட்டுப் பெருகி ஓடுகின்றது. இக்கரையினின்றும் அக்கரைக்கு ஓடம் ஒன்று புறப்படுகின்றது. ஓடத்தின் முகப்பு எதிர்க்கரையிலுள்ள ஆலமரத்தை நேராக நோக்கியிருக்கின்றது. ஓடக்காரனும் சளைக்காமல் துடுப்பு வலிக்கின்றான். ஆயினும், ஓடம் ஆலமரத்தடியைச் சென்று சேர்வதில்லை. நீரின் ஓட்டம் அதனைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே செல்ல, மரத்திற்குக் கீழே நெடுந்தொலைவில் அது கரையைத் தொடுகின்றது. ஓடம் நோக்கிய திசை ஒன்று. சென்ற திசை மற்றொன்று. அவ்விரு திசைகளுக்கும் இடையே ஒரு கோணம் உண்டு. பட்டறிவு மிக்க ஓடக்காரன் அக்கோணத்தை நன்கு உணர்ந்தவன். ஆதலின், அவன் முகப்பை ஆற்றின் மேற்புறமாகச் சிறிது திருப்பி வைத்துக்கொண்டு, தான் எண்ணிய துறையிலேயே ஓடத்தைச் சேர்த்துவிடுகின்றான்.

நிலத்தின்மேல் ஓடும் மோட்டார் வண்டிக்கும் இத்தகைய கோணம் ஒன்று உண்டு என்றால் பலர் வியப்படைவர். சக்கரம் காட்டும் திசையிலேயே வண்டி செல்லும் என்பது பொதுவான எண்ணம். நேரான சாலையில் அவ்வெண்ணம் மெய்யே. வளைவில் அது முழு மெய்யாகாது. வளைவில் விரையும் வண்டியின் உடல் ஒரு திசையை நோக்கியிருக்க, அதன் எடைமையம் அதனின்றும் சிறிது விலகிய மற்றொரு திசையில் செல்லும். வண்டியின் நெடுக்கு அச்சுக்கும், எடைமையம் உண்மையில் செல்லும் திசைக்கும் இடைப்பட்ட கோணம் பக்கச் சறுக்குக் கோணம் எனப்படும். அது சிறிதாக இருக்கும்வரை வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்கி நடக்கும். அஃது எல்லை கடந்து பெருகுமாயின், வண்டி பக்கவாட்டில் வழுக்கிச் சுழலும், சாலையைவிட்டு விலகும், மரத்திலோ எதிரே வரும் வண்டியிலோ மோதும். வண்டியினுள் இருப்போரின் உயிர் இச்சிறு கோணத்தின் அளவைப் பொறுத்து நிற்கின்றது.

இக்கோணம் தோன்றுவதற்குக் காரணம் யாது? வண்டியைச் சாலையோடு பிணைப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவினதே. டயர் ரப்பரால் ஆனது, நெகிழும் இயல்புடையது. வளைவில் வண்டியை உள்நோக்கி இழுத்துச் செல்லும் பக்கவிசை அந்த நெகிழ்ச்சியினாலேயே பிறக்கின்றது. டயர் தான் நோக்கும் திசையினின்றும் சிறிது விலகி உருளும்பொழுது அதன் ரப்பர் முறுக்கப்படுகின்றது. முறுக்கப்பட்ட ரப்பர் தரையைப் பற்றித் தள்ளுகின்றது. விலகும் கோணம் இரு மடங்கானால், தொடக்கத்தில் விசையும் இரு மடங்காகும். ஆனால், இப்பொருத்தம் நெடுந்தொலைவு நீடிப்பதில்லை. சில பாகைகளைக் கடந்தபின், கோணம் எவ்வளவு மிகுந்தாலும் விசை மிகுவதில்லை. டயர் தன் பிடியை இழந்து வழுக்கத் தொடங்கிவிடுகின்றது.

அந்த எல்லை எல்லாச் சாலைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. உலர்ந்த தார்ச்சாலையில், வண்டியின் பக்கச் சறுக்குக் கோணம் ஏறத்தாழ 10 முதல் 12 பாகை வரை சென்றாலும் ஓரளவு மீட்க இயலும். மெருகேறிய பனிக்கட்டியின்மேல் 2 பாகையிலேயே அந்த எல்லை வந்துவிடும். கோணம் பெருகப் பெருக, திருப்பு வட்டினால் வண்டியைத் திருப்பும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். இறுதியில், வட்டை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி அதனைப் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் பழகிய சாலையில் அமைதியாக ஓட்டுவோர் 2 பாகைக்கு மேற்பட்ட கோணத்தைப் பெரும்பாலும் அறிந்ததே இல்லை. ஆதலின், அக்கோணம் திடீரெனப் பெருகும்பொழுது அவர்கள் திகைத்துப்போகின்றனர். அந்நேரத்தில் அச்சத்தினால் செய்யும் செயல் பெரும்பாலும் தவறான செயலாகவே முடிகின்றது.

ஓட்டுநர் திகைக்கும் அந்தக் கணத்தில் வண்டியே தன்னைக் காத்துக்கொள்ள இயலுமா என்று பொறியியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். 1978ஆம் ஆண்டில் ஜெர்மனியில், பிரேக்கு அழுத்தும்பொழுது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு மெர்சிடஸ்-பென்ஸ் வண்டியில் வந்தது. அதனை உருவாக்கிய பாஷ் நிறுவனத்தார் பின்னர் ஒருபடி மேலே சென்றனர். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தாதபொழுதும், ஒரு சக்கரத்தை மட்டும் தனியே பிடித்து வண்டியின் சுழற்சியைத் தடுக்க இயலும் என்பது அவர்கள் கண்ட வழி. வண்டி வலப்புறமாகத் திரும்பும் வளைவில் அதன் பின்பகுதி வெளியே வழுக்குகின்றது எனக் கொள்க. அப்பொழுது இடப்பக்க முன்சக்கரத்தை மட்டும் கணநேரம் பிடித்தால், அது வண்டியை எதிர்ப்புறமாக இழுத்து நிறுத்தும். வண்டி வளைய மறுத்து நேரே செல்லுமாயின், உட்பக்கப் பின்சக்கரத்தைப் பிடித்தால் அது வளையும். இவ்வமைப்பு 1995ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனை வண்டியில் பொருத்தப்பட்டது. இதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அன்டான் வான் சான்டென் என்னும் டச்சு நாட்டுப் பொறியியல் அறிஞர். அவர் 2016ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதினை வாழ்நாள் பணிக்காகப் பெற்றார்.

இவ்வமைப்பின் தேவையை உலகம் உணரும்படி செய்த நிகழ்ச்சி ஒன்று 1997ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஸ்வீடன் நாட்டில் நடந்தது. அந்நாட்டுக் காடுகளில் எல்க் என்னும் பெரிய மான்கள் வாழ்கின்றன. அவை திடீரெனச் சாலையின் குறுக்கே வந்து நிற்பது உண்டு. அவ்வாறு நேரும்பொழுது வண்டி சட்டென விலகி, மீண்டும் தன் தடத்திற்கு வர வேண்டும். இத்திறனைச் சோதிப்பதற்கு அந்நாட்டு மோட்டார் இதழ் ஒன்று, புதிதாக வெளிவந்த மெர்சிடஸ் 'ஏ' வகை வண்டியை ஓட்டிப் பார்த்தது. வண்டி விலகியது, மீண்டும் தடம் நோக்கித் திரும்பியது, அந்நிலையில் கவிழ்ந்துவிட்டது. நிறுவனத்தார் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்தனர்; விற்பனையைச் சில திங்கள் நிறுத்தினர்; வண்டியின் அமைப்பைத் திருத்தி, நிலைகாப்பு மின்னணு அமைப்பினை அவ்வகை வண்டிகள் அனைத்திலும் பொருத்தினர். விலையுயர்ந்த பெரிய வண்டிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த காப்பு, இவ்வாறு சிறிய வண்டிகளுக்கும் வந்தது.

சக்கரத்தைப் பிடிப்பது எளிது. எப்பொழுது பிடிப்பது, எவ்வளவு பிடிப்பது என்பதை அறிவதே அரிது. அதற்குப் பக்கச் சறுக்குக் கோணத்தின் அளவு தெரிய வேண்டும். அதனை நேரே அளந்துவிடலாகாதோ என்னும் வினா எழுவது இயல்பு. அளப்பதற்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. சாலையின் மேற்பரப்பை ஒளியின் துணையால் நோக்கி, அது எத்திசையில் எவ்வளவு விரைவாக விலகிச் செல்கின்றது எனக் காட்டும் ஒளிக்கருவி ஒன்று உண்டு. வண்டியின்மேல் இரண்டு அலைவாங்கிகளை நிறுத்தி, செயற்கைக்கோள்களின் குறிகளைக்கொண்டு, வண்டி நோக்கும் திசையையும் செல்லும் திசையையும் தனித்தனியே அறிவதும் உண்டு. ஆனால், இக்கருவிகள் விலை மிகுந்தவை. சேறும் பனியும் படிந்தால் ஒளிக்கருவி மயங்கும். பாலத்தின் கீழும், உயர்ந்த கட்டடங்களின் இடையிலும், சுரங்கப் பாதையிலும் செயற்கைக்கோளின் குறி எட்டாது. ஆராய்ச்சிக்கு இவை பொருந்தும். தெருவில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் பொருந்தா.

எனவே, வண்டியில் எளிதாகப் பொருத்தக்கூடிய சிறு உணர்கருவிகளைக்கொண்டே அக்கோணத்தை உய்த்தறிய வேண்டியதாயிற்று. அக்கருவிகள் நான்கு வகையின. முதலாவது, திருப்பு வட்டு எவ்வளவு திருப்பப்பட்டது என்பதைக் காட்டுவது. இரண்டாவது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது என்பதைக் காட்டுவது. மூன்றாவது, வண்டியின் பக்கவாட்டு முடுக்கத்தை அளப்பது. வண்டி வளையும்பொழுது இருக்கையில் அமர்ந்திருப்போர் ஒரு பக்கமாகச் சாய்வதைப்போல, இக்கருவியினுள் இருக்கும் நுண்ணிய எடை ஒன்று ஒரு பக்கமாக அசைகின்றது. அவ்வசைவே முடுக்கத்தின் அளவாகின்றது. நான்காவது, வண்டியின் முகப்பு எவ்வளவு விரைவாகத் திசைமாறுகின்றது என்பதை, அதாவது திரும்பு வேகத்தை, அளப்பது.

இந்த நான்காவது கருவி வியக்கத்தக்கது. பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ், சுழலும் பொருளின்மீது அசையும் எடை பக்கவாட்டில் விலகும் என்பதை 1835ஆம் ஆண்டில் கணித முறையில் விளக்கினார். சுழலும் இராட்டினத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக நடக்க முயலும் சிறுவன் ஒருவன், தான் பக்கவாட்டில் தள்ளப்படுவதாக உணர்வான். அவ்வுண்மையே இக்கருவிக்கு அடிப்படை. சிலிக்கன் துண்டில் செதுக்கப்பட்ட மிகச் சிறிய எடை ஒன்று இடையறாது முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கின்றது. வண்டி திரும்பினால் அவ்வெடை பக்கவாட்டிலும் சிறிது அசைகின்றது. அந்த அசைவின் அளவு திரும்பு வேகத்தைக் காட்டிவிடுகின்றது.

இந்நான்கு கருவிகளுள் எதுவும் பக்கச் சறுக்குக் கோணத்தைக் காட்டுவதில்லை. ஆயினும், அவை கூறும் செய்திகளினின்றும் அதனைக் கணக்கிட வழியுண்டு. முதல் வழி பின்வருமாறு. வண்டி ஒன்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்கின்றது எனக் கொள்க. அதன் பக்கவாட்டு முடுக்கம், வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்து வருவது. அதாவது நொடிக்கு நொடி 4 மீட்டர். இம்முடுக்கத்தை வேகத்தால் வகுத்தால் 0.2 கிடைக்கும். வண்டி செல்லும் பாதை நொடிக்கு 0.2 ரேடியன் வளைகின்றது என்பது இதன் பொருள். ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 பாகையாதலின், இது 11.5 பாகைக்குச் சமம். திரும்பு வேகத்தை அளக்கும் கருவியும் அதே 0.2 ரேடியனைக் காட்டினால், பாதை வளையும் அளவும் முகப்புத் திரும்பும் அளவும் ஒன்றே. பக்கச் சறுக்குக் கோணம் மாறாமல் நிற்கின்றது. முகப்பு நொடிக்கு 0.3 ரேடியன் திரும்பினால், அது பாதையைக் காட்டிலும் விரைந்து திரும்புகின்றது என்பது வெளிப்படை. வேறுபாடு நொடிக்கு 0.1 ரேடியன், அதாவது 5.7 பாகை. இவ்வாறே இரண்டு நொடி சென்றால் கோணம் 11 பாகைக்குமேல் பெருகிவிடும். இவ்வேறுபாட்டை நொடிதோறும் கூட்டிக்கொண்டே வந்தால் கோணம் கிடைத்துவிடும்.

கணக்கு எளிது, ஆயினும், அதில் ஒரு பெருங்குறை உண்டு. எந்தக் கருவியும் பிழையற்றதன்று. வெப்பம் மாறினால் அதன் அளவும் சிறிது மாறும். முடுக்கத்தைக் காட்டும் கருவி 0.1 மீட்டர் மட்டும் கூடுதலாகக் காட்டுகின்றது எனக் கொள்க. மேற்கூறிய வேகத்தில், அப்பிழை நொடிக்கு 0.29 பாகையாக வந்து சேரும். ஒரு நொடிக்கு அது மிகச் சிறிது. ஆனால், கூட்டிக்கொண்டே போகும் கணக்கில் பிழையும் கூடிக்கொண்டே போகும். பத்து நொடியில் அஃது 2.9 பாகையாகிவிடும். பனிக்கட்டியின்மேல் 2 பாகையே எல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கணக்கை நம்பி வண்டியை ஓட்டுவது எவ்வளவு இடர் என்பது விளங்கும். சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பின் நிலைமை இன்னும் கேடாகும். இரண்டு பாகை சாய்ந்த சாலையில், புவியின் ஈர்ப்பு அக்கருவியை ஏறத்தாழ 0.34 மீட்டர் அளவு ஏமாற்றும். அதனால் விளையும் பிழை நொடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை. மூன்றே நொடியில் கணக்கு மூன்று பாகை தவறிவிடும். வண்டியோ வழுக்காமல் நேராகச் சென்றுகொண்டிருக்கும்!

இனி, இரண்டாவது வழி. கருவிகளின் சொல்லைக் கேட்டுக் கூட்டிக்கொண்டிராமல், வண்டி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை இயற்பியல் விதிகளைக்கொண்டு முன்னரே கணக்கிடுவது அது. இவ்வாறு ஒரு பொருளின் நடத்தையைச் சமன்பாடுகளில் வடித்துக் காட்டுவது கணித மாதிரி எனப்படும். 1940ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான ரீக்கர்ட், ஷுங்க் என்னும் இருவர், மோட்டார் வண்டிக்கு எளிய மாதிரி ஒன்றை அமைத்துத் தந்தனர். அதில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவும், பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவும் கருதப்படும். நான்கு சக்கர வண்டி காகிதத்தில் மிதிவண்டி போலாகிவிடும். வண்டியின் எடை, எடைமையம் அமைந்த இடம், டயரின் விறைப்பு ஆகியவை தெரிந்தால், திருப்பு வட்டை இவ்வளவு திருப்பும்பொழுது இவ்வளவு திரும்பு வேகமும் இவ்வளவு பக்கச் சறுக்குக் கோணமும் உண்டாகும் என்று அம்மாதிரி கூறிவிடும். எளியதாயினும் அது வலியது. உலர்ந்த சாலையில் அளவாகச் செல்லும் வண்டியின் நடத்தையை அது நன்கு எடுத்துக்காட்டுகின்றது.

ஆயினும், மாதிரியும் தன் எல்லையை உடையது. கோணம் பெருகினால் விசையும் அதே அளவில் பெருகும் என்று அது கருதுகின்றது. பக்கவாட்டு முடுக்கம் நொடிக்கு நொடி 4 மீட்டர் அளவைத் தாண்டிவிட்டால், உலர்ந்த சாலையிலும் அக்கருத்து மெய்யினின்றும் விலகத் தொடங்கும். மேலும், சாலையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா, மழைநீர் தேங்கியிருக்கிறதா, பனி படர்ந்திருக்கிறதா என்பது மாதிரிக்குத் தெரியாது. வண்டியில் ஒருவர் மட்டும் இருக்கின்றாரா, ஐவர் ஏறி அமர்ந்து பின்பெட்டியில் மூட்டைகளையும் அடுக்கியிருக்கின்றனரா என்பதும் அதற்குத் தெரியாது. அமைதியான வேளையில் நன்கு பேசும் மாதிரி, இடர் வரும் வேளையில், அதன் சொல் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே, பிழைபட்டுப் போகின்றது.

ஆகவே, அறிஞர்முன் இரண்டு சான்றாளர்கள் நின்றனர். உணர்கருவி நடப்பதை உடனே உரைக்கும். ஆனால், அதன் பிழை நாளடைவில் மலையாகும். மாதிரியின் பிழை அவ்வாறு வளர்ந்துகொண்டே போவதில்லை. ஆனால், சாலை மாறினால் அதன் சொல் மாறாது. இருவரும் முழு மெய் கூறுவோர் அல்லர். முழுப் பொய் கூறுவோரும் அல்லர். இவ்விருவரின் சொற்களையும் ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் சொல்லால் திருத்தி, மெய்யை நெருங்குவதே மூன்றாவது வழியாயிற்று.

இவ்வழியை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். இருள் சூழ்ந்த இரவில் ஒருவன் நெடுஞ்சாலையில் நடக்கின்றான். தான் எவ்வளவு தொலைவு வந்தோம் என்பதைத் தன் அடிகளை எண்ணிக் கணக்கிடுகின்றான். அடி நீளம் ஒருபோல் இராதாகையால் அவன் கணக்கு சிறிது சிறிதாகப் பிழைபடுகின்றது. இடையே மங்கிய நிலவொளியில் மைல்கல் ஒன்று தோன்றுகின்றது. அதிலுள்ள எண் பாதி அழிந்திருக்கின்றது. அவன் தன் கணக்கை முற்றிலும் கைவிடுவதில்லை. கல்லை முற்றிலும் புறக்கணிப்பதும் இல்லை. எண் தெளிவாகத் தெரிந்தால் கல்லையே பெரிதும் நம்புகின்றான். தெளிவாக இல்லையாயின் தன் கணக்கையே பெரிதும் நம்பி, கல்லின் துணையால் அதனைச் சிறிது திருத்திக்கொள்கின்றான். எதனை எவ்வளவு நம்புவது என்பதை அறிந்து நடப்பதே அவன் அறிவுடைமை.

அந்த 'எவ்வளவு' என்பதற்குக் கணித விடை கண்டவர் ருடால்ஃப் கால்மன் என்னும் அறிஞர். அவர் 1930ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் பிறந்தார். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். 1960ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, பிழை கலந்த அளவுகளினின்றும் ஒரு பொருளின் உண்மை நிலையைப் படிப்படியாக மதிப்பிடும் முறையை வகுத்தது. அது கால்மன் வடிகட்டி என்று பெயர் பெற்றது. அரிசியையும் கல்லையும் சல்லடை பிரிப்பதுபோல, அளவையும் பிழையையும் அது பிரித்துக் காட்டுகின்றது. நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ திட்டத்தில், விண்கலத்தின் வழியைக் கணிக்க இம்முறை பயன்பட்டது. நேரே அளக்க இயலாத நிலைகளை, அளக்கக்கூடியவற்றைக்கொண்டு உய்த்தறியும் மற்றொரு முறையை லூயன்பெர்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1964ஆம் ஆண்டில் வெளியிட்டார். விண்கலத்திற்கு வழிகாட்டிய அறிவே பின்னர் மண்ணில் ஓடும் வண்டிக்கும் துணையாயிற்று.

வண்டியினுள் அமைந்த சிறு கணிப்பொறி செய்யும் வேலை இதுவே. அது நூற்றில் ஒரு பங்கு நொடி என்னும் அளவில் தன் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றது. முதலில், மாதிரியைக்கொண்டு, 'இப்பொழுது திரும்பு வேகம் இவ்வளவு இருக்க வேண்டும். பக்கவாட்டு முடுக்கம் இவ்வளவு இருக்க வேண்டும். பக்கச் சறுக்குக் கோணம் இவ்வளவு இருக்க வேண்டும்' என முன்கணிக்கின்றது. இவற்றுள் முதலிரண்டையும் கருவிகள் காட்டும் அளவுகளோடு ஒப்பிடுகின்றது. வேறுபாடு இல்லையாயின் மாதிரி மெய் கூறுகின்றது. அது கூறும் கோணத்தையும் நம்பலாம். வேறுபாடு இருப்பின், அவ்வேறுபாட்டின் அளவுக்கேற்பக் கோணத்தைத் திருத்துகின்றது. அளக்க இயலாத ஒன்றை, அளக்க இயன்ற இரண்டின் வாயிலாகத் திருத்திக்கொள்வதே இம்முறையின் நுட்பம்.

வண்டி பனி படர்ந்த வளைவில் நுழைகின்றது எனக் கொள்க. திருப்பு வட்டின் அளவைக் கண்ட மாதிரி, 'பக்கவாட்டு முடுக்கம் 4 மீட்டர் இருக்கும்' என்கின்றது. கருவியோ 2 மீட்டர் மட்டுமே காட்டுகின்றது. கணிப்பொறி இவ்வேறுபாட்டைப் பிழை என்று தள்ளிவிடுவதில்லை. அதனையே ஒரு செய்தியாகக் கொள்கின்றது. 'டயர்கள் எதிர்பார்த்த அளவு பிடிக்கவில்லை. ஆதலின் இச்சாலை வழுக்குகின்றது' என்று அது முடிவு செய்கின்றது. உடனே மாதிரியில் டயரின் பிடியைக் குறைத்து, கோணத்தை மீண்டும் கணக்கிடுகின்றது. கோணம் எல்லையை நெருங்குவதைக் கண்டதும் உரிய சக்கரத்தைப் பிடிக்கின்றது. எந்திரத்தின் ஆற்றலையும் குறைக்கின்றது. ஓட்டுநர் இடரை உணர்ந்து மூச்சை இழுப்பதற்குள் இவை யாவும் நிகழ்ந்து முடிகின்றன.

இவ்வாறு மதிப்பிட்ட கோணம் மெய்யானதுதானா என்று சோதித்த பின்னரே அதனை நம்ப வேண்டும். ஸ்வீடன் நாட்டின் வடகோடியில் ஆர்யெப்லோக் என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த ஏரிகள் குளிர்காலத்தில் கல்லாக உறைந்துவிடுகின்றன. அவ்வுறைபனியின்மேல் தடம் அமைத்து, பல நாட்டுப் பொறியியல் அறிஞர்கள் தம் வண்டிகளை ஓட்டிச் சோதிக்கின்றனர். இத்தகைய சோதனைகளில், விலைமிகுந்த ஒளிக்கருவி நேரே அளந்து காட்டும் கோணத்தையும், கணிப்பொறி உய்த்தறிந்த கோணத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுகின்றனர். இரண்டும் பொருந்தாத இடத்தில் கணிப்பொறி திருத்தப்படுகின்றது. மீண்டும் வண்டி ஓட்டப்படுகின்றது. ஆயிரம் முறை அங்கே வழுக்கிய வண்டியே, ஊர்ச் சாலையில் ஒரு முறையும் வழுக்காத வண்டிக்கு ஆசிரியனாகின்றது.

எனினும், வேலை முற்றுப்பெற்றுவிடவில்லை. நேரான சாலையில் செல்லும்பொழுது டயர்களின்மேல் பக்கவிசை மிகுதியாக இல்லை. ஆகவே, சாலை வழுக்குமா வழுக்காதா என்பதைக் கணிப்பொறி அறிய வழியில்லை. வளைவில் நுழைந்த பின்னரே அஃது அறிகின்றது. சாலையின் சாய்வையும் வண்டியின் சறுக்கலையும் பிரித்தறிவதும் கடினமே. இத்தடைகளைக் கடக்கப் புதிய கருவிகளையும், எடுத்துக்காட்டுகளைக் கண்டு தானே கற்கும் கணிப்பொறி முறைகளையும் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தி வருகின்றனர்.

இம்முயற்சியினால் விளைந்த நன்மை பெரிது. நிலைகாப்பு அமைப்பு எல்லா வண்டிகளிலும் அமைந்துவிட்டால், அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் 5,300 முதல் 9,600 வரையிலான உயிர்கள் காக்கப்படும் என்று அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2007ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. 2012ஆம் ஆண்டு வகை முதலாக அங்கு விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் இவ்வமைப்புக் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திற்கும் அவ்வாறே விதிக்கப்பட்டது. காக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர், தம்மைக் காத்தது எது என்பதையே அறியார். வண்டி சிறிது நடுங்கியது, பின்னர் நேராயிற்று, அவ்வளவே அவர்கள் கண்டது.

ஆயினும், கணிப்பொறி இயற்கையின் விதியை வெல்லவல்லதன்று. டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வு எவ்வளவு உண்டோ, அவ்வளவையே அது பகிர்ந்து பயன்படுத்த இயலும்; இல்லாத உராய்வை அதனால் படைத்துவிட இயலாது. வளைவு தாங்கும் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் செல்லும் வண்டியை எவ்வமைப்பும் காப்பதற்கில்லை. வேகத்தை அளவோடு வைத்துக்கொள்வது ஓட்டுநரின் கடமையாகவே நிற்கின்றது.

ஓடக்காரனின் நிலையும் இதுவே. மூடுபனி கவிந்த விடியலில் எதிர்க்கரை ஆலமரம் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. துடுப்பை எத்தனை முறை வலித்தோம் என்பதை அவன் எண்ணிக்கொள்கின்றான். நீர் ஓடத்தின் விலாவில் மோதும் விசையைக் கையால் உணர்ந்துகொள்கின்றான். கணக்கு மட்டும் போதாது. உணர்வு மட்டும் போதாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் குறையையும் அறிந்து நடப்பவனே கரை சேர்கின்றான். கண்ணுக்குப் புலப்படாத கோணத்தைக் கணக்கிட முற்பட்ட அறிஞர்களும் இவ்வழியே சென்று, எண்ணற்றோரைக் கரை சேர்த்துள்ளனர்.